ஒடிந்த ஊசி சொன்ன சாட்சி

அக்கா,

போன வாரம் ஒரு குரலைக் கேட்டேன். விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கைபேசியை மேசைமேல் வைத்து ஒரு பதிவை ஓடவிட்டார். மூட்டுவலித் தைலத்துக்கான விளம்பரம். அவருடைய குரலேதான். ஏற்ற இறக்கம், நடுவே மூச்சு வாங்கும் இடம் எல்லாம் அவருடையவை. "இதை நான் பேசவே இல்லை மேடம்" என்றார். அவர் முன்பு பேசிய பதிவுகளைக் கேட்டுக் கேட்டு ஓர் இயந்திரம் அவரைப்போலவே பேசக் கற்றுக்கொண்டுவிட்டதாம். பதிவை நிறுத்திவிட்டு, "இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா மேடம்?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. வழி கேட்பதைப்போலக் கேட்டார்.

எனக்கு உடனே நீங்கள் வந்து நின்றீர்கள். நெய்வேலி குவார்ட்டர்ஸில், உங்கள் வீட்டு முன்னறையில், கையில் ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு இதே கேள்வியை இதே தொனியில் என்னிடம் கேட்டீர்கள். அன்று அதை நான் என் சீனியரிடம்தான் போய்க் கேட்க வேண்டியிருந்தது. கறுப்பு கவுன் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வக்கீல் நான்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று அன்றே தோன்றியது. நீங்கள் இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்கள் மகள் தொலைபேசியில் சொன்னபோது இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்போது சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு சுரங்கத்தில் வேலை பெர்மனென்ட் ஆகி, எங்களுக்கு குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது பக்கத்து வீடு உங்களுடையது. உங்கள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், அனல்மின் நிலையத்தில் எஞ்சினியர். நீங்கள் திருநெல்வேலிப் பக்கம், நாங்கள் கம்மாபுரத்துக்காரர்கள். அந்த பிளாக்கில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாவட்டத்துத் தமிழ் கேட்கும். நான் "இன்னாக்கா செஞ்சிக்கினு இருக்கீங்க" என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். நீங்கள் "ஏட்டி, இங்க வா" என்று உங்கள் ஊர் 'அடீ'யைச் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் அம்மா திடுக்கிட்டுப் பார்ப்பாள். பிறகு அம்மாவே என்னை "ஏட்டி" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

சிங்கப்பூரிலிருந்து உங்கள் தம்பி ஒரு சின்ன கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பார்க்க டைப்ரைட்டரின் மேல்மூடி மாதிரிதான் இருக்கும். டி.வி.யோடு ஒரு ஒயர், டேப் ரெக்கார்டரோடு ஒரு ஒயர். எழுதிய ப்ரோகிராமை சினிமாப் பாட்டுப் பதியும் அதே கேசட்டில்தான் பதிந்து வைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிளாக்கில் பாதிப் பேர் படம் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கம்ப்யூட்டரின் ஒயரைக் கழற்றி டி.வி.யை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து சதுரக்கோட்டுத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்தப் புள்ளிகள்தான் பிறகு தமிழ் எழுத்துகள் ஆயின. கணக்கு டியூஷன் பிள்ளைகளுக்குப் பரீட்சைத் தாள் தயாரிக்க ஸ்டென்சில் வெட்டி வெட்டிக் கை ஓய்ந்துபோய், கம்ப்யூட்டரையே தமிழில் அச்சடிக்க வைக்கப் பார்த்தீர்கள். கடையில் விற்ற எந்தக் கருவிக்கும் அன்று தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே புள்ளி புள்ளியாக வரைந்து, இந்தப் பொத்தானை அழுத்தினால் இந்த எழுத்து, இது வந்தபின் அது வந்தால் கொம்பு முன்னால் போக வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். 'ணை'யைப் பழைய முறைப்படி யானைத் தும்பிக்கைபோல வளைத்துப் போடுவதா வேண்டாமா என்று அண்ணனோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டது நினைவிருக்கிறது.

எழுத்து வந்தது. ஆனால் பிரிண்டர் பழையது. அதன் தலையில் வரிசையாக இருக்கும் சின்ன ஊசிகள் ரிப்பன்மேல் குத்தித்தான் புள்ளி வைக்கும். அதில் ஓர் ஊசி ஒடிந்திருந்தது. எதை அடித்தாலும் எழுத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு ஓடியது. மாற்று ஊசி மதராஸிலும் கிடைக்கவில்லை. நீங்கள் அசரவில்லை. ஒரு வரியை அடித்து முடித்ததும் தாளை மயிரிழை அளவு நகர்த்தி, பக்கத்து ஊசியைக் கொண்டு அந்த விடுபட்ட வரிசையை மட்டும் இன்னொருமுறை அடித்து நிரப்பும்படி ப்ரோகிராமை மாற்றினீர்கள். கர்ரென்று ஒரு நீண்ட சத்தம், ஒரு நிறுத்தம், பிறகு மெலிதாக இன்னொரு சத்தம். எங்கள் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் அது கேட்கும். "அந்த அம்மா மிஷினு நொண்டிக்கினே ஓடுது" என்பார் அப்பா.

ப்ரோகிராமை ஓட்டினால் டி.வி.யில் முதலில் 'ஆக்கம்' என்று வரும். கீழே உங்கள் பெயர் வரும். உங்கள் பெயரைத் திரையில் முதலில் பார்த்த அன்று நீங்கள் கேசரி கிளறினீர்கள்.

பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் ஒருவர், உங்கள் டியூஷன் பிள்ளையின் மாமா வழியாகப் பரீட்சைத் தாளைப் பார்த்துவிட்டு உங்கள் வீடு தேடி வந்தார். நல்ல மாதிரியாகப் பேசினார். பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றார். நீங்கள் ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தீர்கள். அவர் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் கடலூர்க் கடையொன்றில் வண்ண அட்டை போட்ட கேசட்டாக அது விற்பனைக்கு இருந்தது. வாங்கி வந்து ஓட்டினீர்கள். 'ஆக்கம்' என்று வந்தது. கீழே அவர் பெயர் வந்தது.

நீங்கள் முதலில் சிரித்தீர்கள். பிறகு டி.வி.யை அணைத்துவிட்டு கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டீர்கள். அண்ணன், "விடு, இன்னொண்ணு எழுதிக்கிடலாம்" என்றார். "புள்ளய யாரும் தூக்கிட்டுப் போனா இன்னொண்ணு பெத்துக்கிடலாம்னு சொல்லுவியளா?" என்று நீங்கள் கேட்டபோது அவர் எழுந்து போய்விட்டார். அப்போதுதான் என் பக்கம் திரும்பினீர்கள். "இதுக்குச் சட்டம் இருக்கா, ஏட்டி?"

மறுநாள் கடலூரில் என் சீனியரிடம் கேட்டேன். நல்ல மனிதர், நில வழக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை. பொறுமையாகக் கேட்டார். "ஏம்மா, பாத்திரம் திருடுபோச்சுன்னா பாத்திரம் வீட்ல இருக்காது. உங்க அக்கா கேசட்டு அவங்க வூட்லயே இருக்குது. என்னா திருட்டுன்னு எழுதுவ?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எடுத்த பிறகும் இருந்த இடத்திலேயே இருக்கிற பொருளை அதுவரை எந்தப் பிராதிலும் அவர் எழுதியதில்லை.

ஆனால் சட்ட இதழ்களைப் புரட்டியபோது கிடைத்தது. பதிப்புரிமைச் சட்டத்தை அப்போதுதான் திருத்தியிருந்தார்கள். வீடியோ கேசட் திருட்டைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அந்தச் சத்தத்துக்கு நடுவே, யாரும் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு மாற்றம்: இலக்கியப் படைப்பு என்பதில் கம்ப்யூட்டர் ப்ரோகிராமும் அடங்கும், அது நாடாவில் பதிந்திருந்தாலும் சரி. இன்னொன்றும் இருந்தது. மற்ற வழக்குகளில் எதிராளி இருக்கும் ஊருக்கு நாம் போக வேண்டும். இந்தச் சட்டத்தில் மட்டும், படைத்தவர் தன் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். நெய்வேலிக்குக் கடலூர்தான் மாவட்ட நீதிமன்றம். வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக பஸ்ஸில் வரும்போது அந்த இதழை மடியில் வைத்துக்கொண்டு, யாரிடமாவது சொல்லவேண்டும்போலத் தவித்துக்கொண்டு வந்தேன்.

உங்களிடம் சொன்னதும், "நான் எழுதினது இலக்கியமாட்டி?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகு, "போடு கேஸ" என்றீர்கள்.

அந்த வழக்கின் ஒரு நாள் எனக்கு அப்படியே மனப்பாடம். வாடகை வேனில் டி.வி., கம்ப்யூட்டர், டேப் ரெக்கார்டர், உங்கள் பழைய பிரிண்டர், கடன் வாங்கிய ஒரு புது பிரிண்டர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூட வந்தார். கோர்ட்டில் ஒயரெல்லாம் மாட்டி முடித்த நேரம் கரண்ட் போய்விட்டது. டவுன்ஷிப்பில் கரண்ட் போவதைப் பார்த்தே அறியாத நீங்கள் நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று என்னை முறைத்தீர்கள். நீதிபதி சிரித்தபடி, "மின்சாரம் தயாரிக்கிற ஊர்லேருந்து வர்றீங்க, வரும்போது கொஞ்சம் கையோட கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்றார். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று.

கரண்ட் வந்ததும், படைப்பைக் கேட்க வேண்டும் என்றார் நீதிபதி. கேசட்டை ஓட்டினோம். மைனாக் கூட்டத்தைக் கோணிக்குள் போட்டுக் கட்டியதுபோல ஒரு கிரீச்சிடல். காதைப் பொத்தாத குறைதான் அவருக்கு. "இதுதான் இலக்கியமா?" என்றார். நான் சட்டப்பிரிவைப் படித்தேன். அவர் வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். "எழுதியிருக்காங்க. அப்ப சரி. மேல சொல்லுங்க" என்றார். அந்த "அப்ப சரி"யை நான் மறக்கவில்லை. தனக்குப் புரியாத ஒன்றைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றால், தானும் கொஞ்சம் நகர்ந்து இடம்விட வேண்டும் என்று அந்த மனிதர் நினைத்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் கூண்டில் வைத்து, "ழகரம் உங்களுடையதா அம்மா? ஆயிரம் வருஷமாகத் தமிழர் எழுதிவரும் எழுத்துக்கு நீங்கள் பட்டா கேட்கிறீர்களா?" என்றார். நீங்கள் அமைதியாக, "ழகரம் உங்களுக்கும் எனக்கும் சொந்தம்தாங்கய்யா. அத இந்த மிஷினு அடிக்கதுக்கு நான் எழுதின வழி இருக்குல்லா, அதத்தான் கேக்கேன்" என்றீர்கள். அவர், ஒரே எழுத்துக்கு இரண்டு பேர் தனித்தனியாக ஒரே வழியைக் கண்டுபிடிக்கலாமே என்றார். அதுதான் அவர்களுடைய வாதம் முழுவதும்.

அதன் பிறகு அவர்களுடைய கேசட்டைப் புது பிரிண்டரில் ஓடவிட்டோம். எல்லா ஊசியும் நன்றாக இருந்த பிரிண்டர். கர்ரென்று நீண்ட சத்தம். ஒரு நிறுத்தம். தாள் மயிரிழை நகர்ந்தது. பிறகு மெலிதாக இன்னொரு சத்தம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா, "த்தே! இதுவும் நொண்டுது!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கோர்ட் டவாலிச் சேவகர் முறைத்தார்.

நான் பாண்டிச்சேரிக்காரரைக் கேட்டேன். "உங்கள் ப்ரோகிராம் எதற்காக இரண்டாவது தடவை ஓடுகிறது?" எழுத்து அழுத்தமாக விழுவதற்கு என்றார். நீதிபதி குறுக்கிட்டு, "அழுத்தத்துக்குன்னா எழுத்து முழுசும் அடிக்கணும். ஒரே ஒரு வரிசைய மட்டும் ஏன் அடிக்குது?" என்றார். அவர் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் உங்கள் பழைய பிரிண்டரின் தலையைக் கழற்றி மேசைமேல் வைத்தோம். ஊசி ஒடிந்திருந்த இடம், அதே வரிசை.

தீர்ப்பு நமக்குத்தான் என்று கோர்ட் வாசலில் டீக்கடைக்காரர்கூடச் சொன்னார். அந்த மாவட்டத்தில் அப்படியொரு தீர்ப்பு அதுவே முதலாவதாக இருக்கும். நான் இரவு பகலாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பாண்டிச்சேரிக்காரர் உங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். வாசலிலேயே நின்றார். "அக்கா, எல்லாரும் எல்லாத்தையும் காப்பி எடுக்கறாங்க. இதுக்கு ஒரு சட்டம் இருக்கும்னே நான் நெனைக்கல. அந்த ரெண்டாவது ஓட்டம்கூட, தமிழுக்கு அப்படித்தான் அடிக்கணும்போலன்னு நெனைச்சிட்டேன்" என்றார். உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு வழக்கு முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ராஜிக்குச் சம்மதித்தீர்கள். அட்டையிலும் திரையிலும் உங்கள் பெயர் வரவேண்டும், பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றீர்கள். மூன்றாவதாக ஒன்று கேட்டீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ரெண்டாவது ஓட்டத்த எடுத்துருங்க. எப்படி எடுக்கணும்னு நானே சொல்லித்தாரேன். நல்ல பிரிண்டர் வச்சிருக்கவங்க எதுக்கு என் ஒடிஞ்ச ஊசிக்காகக் காத்துக்கிடக்கணும்?"

"அக்கா, அதுதான் நம்ம சாட்சி! தீர்ப்பு கைக்கு வந்துட்ட மாரிதான். இப்பப் போயி ராஜின்னு சொல்லிக்கினு இருக்கீங்களே!" என்று நான் கத்தினேன்.

"உனக்குத் தீர்ப்பு வேணும், ஏட்டி. எனக்கு என் பேரு வேணும். ரெண்டும் ஒண்ணு இல்ல."

ராஜி மனுவில் கையெழுத்து வாங்கித் தாக்கல் செய்துவிட்டு, பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தேன். அதற்குப் பிறகும் சில நாள் உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நீங்கள் வற்புறுத்தவும் இல்லை.

அப்பாதான் ஒரு காலை, ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "அந்த அம்மா பேரப் போட்டுட்டாங்களாமா?"

"போட்டுட்டாங்கப்பா. தீர்ப்புதான் வரல."

"பேரு வந்துச்சில்ல? அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கற?" கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் எத்தினி போகம் அந்தக் கழனில நட்டிருப்பேன், அறுத்திருப்பேன். பட்டா மொதலாளி பேர்ல இருந்துச்சு, சொரங்கத்துக்கு நெலத்த எடுத்தப்ப நட்டஈடு அவருக்கு வந்துச்சு. அது ஞாயம்தான், நெலம் அவருது. ஆனா அந்த நெலத்துல நான்னு ஒருத்தன் வேல செஞ்சேன்னு எந்தக் காயிதத்துலயாச்சும் இருக்குதா? இப்பக் கழனியும் இல்ல. நான் சொன்னா நீ நம்புற, அவ்ளோதான்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மோர் கேட்டார். நான் எழுந்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் காப்பி போட்டீர்கள்.

அக்கா, அந்தச் சட்டத்துக்குள் சொத்துரிமை வேறு, படைத்தவர் என்ற உரிமை வேறு என்று இரண்டு தனித்தனியாக இருக்கின்றன. எழுதியதை விற்றுவிட்டாலும் 'எழுதியது நான்' என்று சொல்லும் உரிமை போகாது. தேர்வுக்கு அதைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அதற்கு அர்த்தம் என்ன என்று உங்கள் ராஜி மனுவிலும் அப்பாவின் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் ப்ரோகிராம் சில வருடங்கள்தான் உயிரோடு இருந்தது. வேறு கம்ப்யூட்டர்கள் வந்தன, கேசட்டே போயிற்று. ஃப்ளாப்பி வந்தது, குறுந்தகடு வந்தது, கடைசியில் கையில் பிடிக்கப் பொருளே இல்லாமல் காற்றில் வந்தது. ஒவ்வொரு முறையும் சட்டம் மூச்சுவாங்க ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டது. பொறுமையில்லாமல் நான் புலம்பியபோது ஒருமுறை சொன்னீர்கள்: "சட்டம் கம்பெனி பஸ் இல்ல ஏட்டி, சங்கு ஊதினதும் வந்து நிக்கதுக்கு. அது டவுன் பஸ். லேட்டாத்தான் வரும். ஆனா ஸ்டாப்ல ஒருத்தராவது நிக்கணும், இல்லன்னா நிக்காமப் போயிரும்." நாற்பது வருடமாக நான் பார்க்கிற வேலை ஸ்டாப்பில் நிற்கிற வேலைதான். போன வாரம் வந்த குரல்காரருக்காகவும் இப்போது அங்கேதான் நிற்கிறேன்.

அண்ணன் ஓய்வுபெற்று நீங்கள் திருநெல்வேலிக்குப் போன பிறகு நாம் பார்த்துக்கொண்டது குறைவு. கடைசியாக நான் வந்தபோது நீங்கள் கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். மகள் வாங்கித் தந்த கைபேசியில் பேசினால் தமிழ் எழுத்தாக விழுவதைக் காட்டினீர்கள். "கொம்பெல்லாம் தானே சரியான எடத்துல போய் உக்காருது, பாத்தியா" என்று சந்தோஷப்பட்டீர்கள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இத யாரு வரைஞ்சான்னு எங்கயாவது போட்டிருக்கா?" என்று கேட்டீர்கள்.

இருக்கும் என்றேன். இருவருமாகத் தேடினோம். அமைப்புகளுக்குள் போய், அதற்குள் இன்னொன்றுக்குள் போய், யாருமே திறக்காத கடைசி இடத்தில், சட்ட அறிவிப்பு என்ற பக்கத்தில் இருந்தது. யார் யார் எழுதிய எதையெல்லாம் சேர்த்து அந்தக் கருவியைச் செய்தார்களோ, அந்தப் பெயர்களெல்லாம் பொடி எழுத்தில், முடிவே இல்லாமல். உரிமம் தருகிறோம், எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் பெயரை மட்டும் அழிக்காதீர்கள் என்று மறுபடி மறுபடி எழுதியிருந்தது. எந்தெந்த நாட்டுக்காரர்களோ. நீங்கள் விரலால் மெல்லத் தள்ளித் தள்ளி, வாய்க்கு வராத பெயரையும் எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தீர்கள். மகள் வந்து, "என்னம்மா வாசிக்கிய?" என்று கேட்டாள். "சும்மா இரு" என்றீர்கள்.

இப்போதெல்லாம் புதிதாக ஒரு கருவி வீட்டுக்கு வந்தால், வேறு எதையும் தொடும் முன் நான் அந்தப் பக்கத்தைத் தேடிப்போகிறேன். ஜூனியர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நேற்றும் அப்படித்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முழுவதும் வாசித்து முடிக்க யாராலும் ஆகாது. முடிந்த மட்டும் வாசித்தேன், அக்கா. வாய்விட்டு, ஒவ்வொரு பெயராக.